வண்டுகளுக்குப் பி.டி. தெளித்தும் பலன் இல்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டறியும் வழி

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியா, சுருக்கமாகப் பி.டி., தன் உடலுக்குள் உருவாக்கும் படிகப் புரதங்களைப் பயிரைத் தின்னும் வண்டுகளுக்கு எதிராகப் பயன்படுத்துவோர், சரிவரப் பலன் கிடைக்காதபோது "மருந்து கேட்கவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்துக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல பிழைகள் ஒளிந்திருக்கலாம். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது வயலில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியைப் பொறுத்தது. ஆகவே இந்தக் குறிப்பு அறிகுறி வாரியாகவே செல்கிறது.

அதற்கு முன், புரதம் எப்படிக் கொல்கிறது என்பதை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இது தொட்டால் கொல்லும் நஞ்சு அன்று. தின்றால்தான் வேலை செய்யும். பூச்சி தின்ற படிகம் நடுக்குடலில் கரைய வேண்டும். குடல் நொதிகள் அதை வெட்டிச் செயலூக்கம் பெறச் செய்ய வேண்டும். வெட்டப்பட்ட புரதம் குடற்சுவர் உயிரணுக்களின் ஏற்பிகளில் போய் ஒட்டித் துளையிட வேண்டும். உயிரணுக்கள் வீங்கி வெடித்ததும் குடல் செயலிழந்து, பூச்சி தின்பதை நிறுத்தி, பட்டினியாலும் குடல் பாக்டீரியா உடலுக்குள் பரவுவதாலும் சாகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பலன் இல்லை. புரதம் சரியான வாய்க்குள், சரியான வயதில், போதுமான அளவு போயிற்றா என்பதே கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் நாம் திரும்பத் திரும்பக் கேட்கப்போகும் கேள்வி.

தெளிக்கும் நாளுக்கு முன்பே ஒரு சிறு வேலையைச் செய்து வைத்தால் பிறகு பாதி ஊகம் மிச்சமாகும். முட்டைக்கூட்டம் உள்ள பத்துச் செடிகளைத் தேர்ந்து, காம்பில் வண்ண நூல் கட்டி, முட்டை வெடித்த தேதியையும் தெளித்த தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். மொத்த வயலைப் பார்த்து "புழு குறைந்த மாதிரி இருக்கிறது" என்று சொல்வதைவிட இந்தப் பத்துச் செடிகள் நம்பகமானவை.

அறிகுறி: தெளித்து ஒரு நாள் ஆகியும் புழுக்கள் உயிரோடு நகர்கின்றன

பெரும்பாலும் இது பிழையே அன்று. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இரசாயன மருந்துகளுக்குப் பழகிய கண், புழு சுருண்டு விழுவதை எதிர்பார்க்கிறது. பி.டி. புரதம் தின்ற வண்டுப் புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும். ஆனால் சாவதற்கு இரண்டு முதல் ஐந்து நாட்கள் பிடிக்கும். குளிர்ந்த காலநிலையில் இன்னும் தாமதமாகும்.

எனவே எண்ண வேண்டியது பிணங்களை அல்ல, கடியை. நூல் கட்டிய செடியில் ஓர் இலையின் கடிபட்ட விளிம்பை மை பேனாவால் வரைந்து வையுங்கள். மறுநாள் கடி அந்தக் கோட்டைத் தாண்டவில்லை, இலையில் புதிய ஈரமான எச்சம் இல்லை, புழு இலை விளிம்பை விட்டு விலகி மந்தமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் மருந்து உள்ளே போய்விட்டது. பொறுமை போதும். இந்த நிலையில் அவசரப்பட்டு வேறொரு மருந்தை மேலே அடிப்பவர்கள், எது வேலை செய்தது என்பதை இனி ஒருபோதும் அறிய முடியாத நிலைக்குத் தங்களையே தள்ளிக்கொள்கிறார்கள்.

செத்த சிறு புழுக்கள் காய்ந்து கருத்துத் தூசியைப் போல உதிர்ந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பிணம் கண்ணில் படவில்லை என்பது சாகவில்லை என்பதற்குச் சான்றாகாது.

அறிகுறி: ஐந்து நாட்கள் கழித்தும் சிறிய புழு, பெரிய புழு எதனிடமும் மாற்றம் இல்லை

இங்குதான் உண்மையான பிழை தொடங்குகிறது. என் அனுபவத்தில் இதற்கு முதற்காரணம் தவறான பாட்டில். அதைச் சொன்னால் பலர் சற்றுக் கோபப்படுவார்கள். ஆனாலும் முதலில் லேபிளைத்தான் படிக்க வேண்டும்.

பி.டி. என்பது ஒரே மருந்தின் பெயர் அன்று. 1901இல் ஜப்பானில் இஷிவாதா நோயுற்ற பட்டுப்புழுக்களில் கண்டதும், 1911இல் ஜெர்மனியில் பெர்லினர் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் கண்டு பின்னர் பெயரிட்டதும் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வகைப் புழுக்களைக் கொல்லும் இனங்கள். பல பத்தாண்டுகளுக்கு வண்டுகளை இந்தப் பாக்டீரியா ஒன்றும் செய்யாது என்றே கருதப்பட்டது. 1983இல்தான் ஜெர்மனியில் கிரீக் குழுவினர், மஞ்சள் மாவுப்புழு வண்டின் கூட்டுப்புழுவிலிருந்து பிரித்தெடுத்த டெனிப்ரியோனிஸ் என்னும் வகை வண்டுகளைக் கொல்வதை வெளியிட்டார்கள். இன்றும் சந்தையில் அதிகம் கிடைப்பது குர்ஸ்டாகி என்னும் வகை. அது காய்ப்புழுவுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் உரியது. கொசுப்புழுவுக்கு இஸ்ரேலென்சிஸ். இவ்விரண்டில் எதை வண்டுப் புழுவின் மேல் எவ்வளவு ஊற்றினாலும் இலை நனைவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. லேபிளில் டெனிப்ரியோனிஸ் என்ற பெயரோ, க்ரை3ஏஏ போன்ற வண்டுக்குரிய புரதத்தின் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். நுண்ணோக்கி வசதி உள்ளவர்கள் ஒரு துளியைப் பரப்பிப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: குர்ஸ்டாகியின் படிகம் இருபுறமும் கூம்பிய பிரமிடு வடிவில் இருக்கும், டெனிப்ரியோனிஸின் படிகம் தட்டையான சதுரச் சில்லுபோல இருக்கும்.

பாட்டில் சரியென்றால், அடுத்த சந்தேகம் பூச்சியின் மீது. அது வண்டின் புழுதானா? கைலென்ஸை எடுத்துக்கொண்டு ஒரு புழுவைப் புரட்டிப் போட்டுக் கால்களைப் பாருங்கள். வண்டுப் புழுவுக்கு மார்புப் பகுதியில் மூன்று இணைக் கால்கள் மட்டும் இருக்கும். வயிற்றுப் பகுதியில் சதைக்கால் இருக்காது. கூன்வண்டுப் புழுவுக்குக் கால்களே கிடையாது. அந்துப்பூச்சிப் புழுவுக்கு மார்புக் கால்களோடு வயிற்றிலும் இரண்டு முதல் ஐந்து இணைச் சதைக்கால்கள் இருக்கும். ஆறு இணையோ அதற்கு மேலோ இருந்தால் அது ரம்ப ஈயின் புழு. அதற்கு வண்டுப் புரதமும் பயனில்லை, குர்ஸ்டாகியும் பயனில்லை.

வண்டேதான் என்றால், எந்தக் குடும்பத்து வண்டு என்பதும் முக்கியம். க்ரை3ஏஏ இலைவண்டுக் குடும்பத்தின் மீதுதான் நன்கு செயல்படுகிறது: கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு, எல்ம் மர இலைவண்டு, பருத்திமர இலைவண்டு ஆகியவற்றின் இளம்புழுக்கள் இதற்குப் பெயர்போன இரைகள். வெள்ளைப்புழுக்களை உருவாக்கும் சாணவண்டுக் குடும்பத்துக்கு அது பொதுவாகப் போதாது. அவற்றுக்கு க்ரை8 வரிசைப் புரதங்கள் வேண்டும். ஜப்பானில் கண்டெடுத்த புயிபுயி என்னும் வகையின் க்ரை8சிஏ, கலேரியே வகையின் க்ரை8டிஏ ஆகியவை அப்படிப்பட்டவை. ஒரு குடும்பத்தின் ஒரு வண்டைக் கொல்கிறது என்பதால் அதே குடும்பத்தின் இன்னொன்றையும் கொல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்பி ஒவ்வொரு இனத்திலும் வேறுபடுகிறது. உங்கள் வண்டின் பெயர் லேபிளில் இல்லையென்றால், பலன் கிடைக்காததை மருந்தின் குற்றம் என்று சொல்வதற்கில்லை.

இடையில் ஓர் எச்சரிக்கை. கத்தரிக் குடும்பப் பயிர்களின் இலையைச் சுரண்டித் தின்னும் எப்பிலாக்னா வண்டும், அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டும் ஒரே குடும்பத்தவை. மேலோட்டமான பார்வைக்கு இரண்டும் புள்ளி போட்ட அரைப்பந்துதான். எப்பிலாக்னாவின் முதுகில் மெல்லிய மயிர்ப்பூச்சு இருப்பதால் பளபளப்பு குன்றியிருக்கும். அதன் மஞ்சள் நிறப் புழுவின் உடல் முழுவதும் கிளைத்த முட்கள் இருக்கும். பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். இலையில் சல்லடைபோல் சுரண்டிய தடமே இல்லாமல் புள்ளிவண்டுகள் மட்டும் திரிந்தால், மருந்து தேவைப்படாத இடத்தில் நிற்கிறீர்கள்.

பாட்டிலும் சரி, பூச்சியும் சரி என்ற பிறகுதான் மருந்து வீரியம் இழந்ததா என்று கேட்க வேண்டும். வெயில் நேரடியாக விழும் கிடங்கிலோ மூடிய வாகனத்திலோ நாள்கணக்கில் வெந்த திரவ மருந்து, உறைந்து மீண்டும் உருகிய மருந்து, காலாவதித் தேதி கடந்தது ஆகிய மூன்றையும் சந்தேகியுங்கள். மூக்கால் முகர்ந்து முடிவு செய்ய முடியாது. கடைசியில் சொல்லும் இலைச் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும்.

அறிகுறி: சிறியவை செத்துவிட்டன, பெரியவை தின்றுகொண்டே இருக்கின்றன

காரணம் வயது, மருந்து சரியாகவே இருக்கிறது. வண்டுப் புழு வளர வளர அதைக் கொல்லத் தேவைப்படும் புரதத்தின் அளவு வேகமாக ஏறுகிறது. கொலராடோ வண்டின் புழுவுக்கு நான்கு பருவங்கள். முதலிரண்டு பருவங்களில் எளிதாகச் சாகும் அது, நான்காம் பருவத்தில் சிறிது மயங்கிப் பின் தேறித் தின்னத் தொடங்கிவிடும். இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், புழு தன் வாழ்நாளில் தின்னும் மொத்த இலையில் ஏறத்தாழ முக்கால் பங்கை அந்த நான்காம் பருவத்தில்தான் தின்கிறது. அதாவது சேதம் கண்ணை உறுத்தும் நேரத்தில் தெளிப்பவர், மருந்து மிகக் குறைவாகப் பலிக்கும் பருவத்தில் தெளிக்கிறார்.

அளவை இரட்டிப்பாக்குவது இதற்குத் தீர்வாகாது. அடுத்த தலைமுறைக்கு நேரத்தை மாற்றுங்கள். இலையின் அடியில் மஞ்சள் கலந்த செம்மை நிறத்தில் கும்பலாக நிற்கும் முட்டைகளைத் தேடி, நூல் கட்டிய பத்துச் செடிகளில் ஏறக்குறைய கால் பங்கு முட்டைக்கூட்டங்கள் வெடித்ததும் முதல் தெளிப்பையும், மீதி வெடிக்க வெடிக்க ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் அடுத்த தெளிப்பையும் கொடுங்கள். இப்போது வயலில் நிற்கும் பெரிய புழுக்களைக் கையால் பொறுக்குவதா, வேறுவகை மருந்தைக் கையாள்வதா என்பது பரப்பைப் பொறுத்தது.

அறிகுறி: புழுக்கள் இல்லை, ஆனால் வளர்ந்த வண்டுகள் இலையை ஓட்டையாக்குகின்றன

டெனிப்ரியோனிஸ் மருந்து வளர்ந்த வண்டுகளைக் கொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்து வயலிலிருந்து பறந்து வருபவை எப்படியும் வந்துகொண்டேதான் இருக்கும். க்ரை8டிஏ கொண்ட சில தயாரிப்புகள் ஜப்பானிய வண்டு போன்ற சிலவற்றின் வளர்ந்த பருவத்துக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன, அது விதிவிலக்கு. மற்றபடி வளர்ந்தவற்றுக்குப் பயிர்ச்சுழற்சி, பொறிப் பயிர், கையால் சேகரித்தல் ஆகியவையே முதல் வழி. அவை இட்டுச் செல்லும் முட்டைகள்தான் பி.டி.க்கு வேலை.

அறிகுறி: மூன்று நாட்கள் நன்றாக இருந்தது, பிறகு மீண்டும் கடி தொடங்கிவிட்டது

வெயிலின் புறஊதாக் கதிர்கள் புரதத்தையும் பாக்டீரியாவின் வித்துகளையும் சிதைக்கின்றன. திறந்த வெயிலில் இலைப்பரப்பின் மேல் உள்ள மருந்தின் வீரியம் ஓரிரு நாட்களிலேயே பெரிதும் குறையலாம். மாலையில் தெளித்தால் அன்றிரவும் மறுநாள் காலையும் பூச்சி தின்பதற்கு முழு வீரியமுள்ள இலை கிடைக்கும். காலை பத்து மணிக்குத் தெளித்தவர் அந்த நேரத்தை வெயிலுக்குத் தானம் செய்கிறார்.

மழையும் இதே வேலையைச் செய்யும், குறிப்பாக மருந்து காய்வதற்கு முன் பெய்தால். ஒட்டுத்திரவம் சேர்ப்பது உதவும். ஆனால் பெருமழைக்குப் பின் மறுதெளிப்புத் தேவைப்படும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. புரதம் செடிக்குள் ஊடுருவிப் பரவாது. தெளித்த பின் விரிந்த குருத்திலையில் மருந்தே கிடையாது. கடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: நுனியில் விரிந்த புது இலைகளில் மட்டும் கடி இருந்தால் அது வளர்ச்சியால் வந்த இடைவெளி, பழைய இலைகளிலும் இருந்தால் வெயிலோ மழையோ, கடிப்பவை எல்லாம் ஊசிமுனை அளவுப் புழுக்களாக இருந்தால் தெளிப்புக்குப் பின் வெடித்த புதிய முட்டைக்கூட்டம். மூன்றுக்கும் தீர்வு மறுதெளிப்புதான் என்றாலும், அடுத்த முறை இடைவெளியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை இந்த வேறுபாடு சொல்லிவிடும்.

குளிர்ந்த நாட்களில் தெளித்திருந்தால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிரில் பூச்சி குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்றால் சாகும் அளவுக்குப் புரதம் உள்ளே போகாது. வெப்பம் திரும்பியதும் தேறி எழும். அடுத்த சில நாட்கள் வெதுவெதுப்பாக இருக்கும் என்று தெரிந்த நாளில் தெளிப்பது நல்லது.

அறிகுறி: சில வரிசைகளில் நல்ல பலன், சில வரிசைகளில் எதுவும் இல்லை

திட்டுத் திட்டாகத் தெரியும் பலன் பெரும்பாலும் தெளிப்பானின் பிழை. படிகமும் வித்தும் நீரில் கரைவன அல்ல; மிதக்கும் துகள்கள். கலக்காமல் விட்டால் டேங்கின் அடியில் படியும். டேங்கின் தொடக்கத்தில் தெளித்த வரிசைகளும் இறுதியில் தெளித்த வரிசைகளும் வேறுபடுகின்றனவா என்று வரைபடம் போட்டுப் பார்த்தால் இது உடனே தெரியும். நாசிலுக்கு முன் உள்ள வலை மிக நுண்ணியதாக இருந்தால் துகள் அங்கேயே தங்கிவிடும். வலையைக் கழற்றிப் பார்த்தால் பழுப்பு நிறக் கூழ் இருக்கும்.

இலையடி நனைந்ததா என்பதை நீர் உணர் தாள் வைத்துச் சோதிக்கலாம். மஞ்சள் நிறத் தாள். நீர்த்துளி பட்ட இடம் நீலமாகும். ஒன்றை இலையின் மேற்பரப்பிலும் ஒன்றை அடிப்பரப்பிலும் செருகி, வெறும் நீரைத் தெளித்து எடுத்துப் பாருங்கள். மேல்தாள் முழுக்க நீலமாகவும் அடித்தாள் மஞ்சள் மாறாமலும் இருப்பதைப் பார்த்தவர்கள் அதன் பிறகு நாசிலின் கோணத்தைப் பற்றி வாதிடுவதில்லை. இளம்புழுக்கள் பிறப்பதும் தின்னத் தொடங்குவதும் அந்த அடிப்பரப்பில்தான்.

வயல் முழுதும் ஒரே சீராகப் பலன் குன்றியிருந்தால் தண்ணீரைச் சோதியுங்கள். பி.எச். 8க்கு மேற்பட்ட காரநீரில் மருந்தைக் கலந்து நெடுநேரம் வைப்பது நல்லதன்று. நடுநிலையை ஒட்டிய நீரில் கலந்து அன்றே தெளித்து முடிக்க வேண்டும். நேற்றுக் கலந்த மீதியை இன்று தெளிப்பது சிக்கனமாகத் தோன்றும், பலன் தராது. சுண்ணாம்பு கலந்த தாமிரக் கலவைகள் போன்ற வலுவான காரமுள்ளவற்றோடு ஒரே டேங்கில் சேர்க்காதீர்கள். டேங்கில் தயிர் திரிந்ததுபோல் கட்டி விழுந்தால் அதை வடிகட்டித் தெளிக்க முயலாமல் அப்புறப்படுத்திவிட்டு, ஒரு குவளையில் சிறிதளவு கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த முறை இணைக்க வேண்டும்.

அறிகுறி: புழு மண்ணிலோ தண்டிலோ காயிலோ இருக்கிறது, தெளிப்பால் பயனில்லை

இதில் கண்டறிய ஒன்றுமில்லை. துளைத்து உள்ளே சென்ற கூன்வண்டுப் புழுவும் காய்துளைக்கும் வண்டும் தெளித்த பரப்பைத் தின்பதே இல்லை. மண்ணில் உள்ள வெள்ளைப்புழுவுக்கு க்ரை8 உள்ள குருணையை வேர்மண்டலம் வரை நீரோடு இறக்க முடியும். அதுவும் புழு சிறியதாகவும் மேல்மண்ணிலும் உள்ளபோதுதான். தண்டுக்குள் போய்விட்டதற்குத் தெளிப்புப் புரதம் வழியன்று.

அறிகுறி: வேர்ப்புழுவுக்கு எதிரான புரதம் கொண்ட மக்காச்சோளம் சாய்கிறது

மருந்தைத் தெளிப்பதற்குப் பதிலாகச் செடியே புரதத்தை உண்டாக்கும் மக்காச்சோள வகைகள் சில வேர்ப்புழுவுக்காக, அதாவது மக்காச்சோள வேரைத் தின்னும் வண்டுப் புழுவுக்காக, உருவானவை. அமெரிக்காவில் 2003இல் க்ரை3பிபி1 புரதம் கொண்ட மக்காச்சோளம் வந்தது. பின்னர் இன்று ஜிபிபி34ஏபி1, டிபிபி35ஏபி1 என்று பெயர் மாற்றப்பட்டுள்ள இரட்டைப் புரதமும், எம்க்ரை3ஏ, இக்ரை3.1ஏபி ஆகியவையும் வந்தன.

செடி சாய்ந்தாலே வேர்ப்புழு என்று முடிவு கட்டாதீர்கள். ஈர மண்ணில் வீசிய பலத்த காற்றும் சாய்க்கும். வாத்துக் கழுத்துபோல் வளைந்து நிமிர்ந்த தண்டு, வேரில்லாமல் ஒருமுறை சாய்ந்து மீண்டும் எழ முயன்றதைக் காட்டும். ஆனால் வேர் ஏன் இல்லை என்பதை அது சொல்லாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும். சாய்ந்த இடத்திலும் நிற்கும் இடத்திலும் சில செடிகளை மண்கட்டியோடு எடுத்து, நீரில் ஊறவைத்து அலசுங்கள். முனை கருகி, பழுப்பேறி, தண்டை ஒட்டி நறுக்கியதுபோல் முடியும் வேர்கள் புழுவின் வேலை.

இதை அளக்க அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 0 முதல் 3 வரையிலான கணு அளவுகோல் உள்ளது. ஒரு கணுவின் எல்லா வேர்களும் தண்டிலிருந்து ஏறக்குறைய 4 செ.மீ.க்குள் தின்னப்பட்டிருந்தால் 1.0, மூன்று கணுக்கள் போயிருந்தால் 3.0, ஒரு கணுவில் பாதி வேர்கள் போயிருந்தால் 0.5. ஒற்றைப் புரத வகையில் 1.0க்கு மேலும், ஒன்றுக்கு மேற்பட்ட வேர்ப்புழுப் புரதங்கள் உள்ள வகையில் 0.5க்கு மேலும் சேதம் இருந்தால் அதை எதிர்பாராத சேதமாக அங்கே கணக்கிடுகிறார்கள்.

அடுத்தது, அந்தச் செடியில் உண்மையிலேயே புரதம் இருக்கிறதா என்ற கேள்வி. ஓர் இலைத்துண்டைச் சிறு குப்பியில் கரைசலோடு நசுக்கி, அந்தப் புரதத்துக்குரிய சோதனைப் பட்டையை நிறுத்தினால் சில நிமிடங்களில் கோடு தெரியும். மேல்கோடு பட்டை வேலை செய்வதைக் காட்டும். இரண்டாவது கோடு புரதத்தைக் காட்டும். ஒவ்வொரு புரதத்துக்கும் தனிப் பட்டை என்பதை மறந்தால் விடை தவறாகிவிடும். ஒரு செடியில் கோடு இல்லை என்பதற்காக விதையைப் பழிக்கவும் கூடாது: புகலிடப் பயிருக்கான, அதாவது எதிர்ப்புத்திறன் பரவுவதைத் தாமதிக்க வைக்கும் புரதமில்லாப் பயிருக்கான, சாதாரண விதையை அதே மூட்டையில் 5 விழுக்காடு கலந்து விற்கும் வகைகளில் இருபதுக்கு ஒன்று இப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே தோண்டிய ஒவ்வொரு செடியின் வேரையும் அதே செடியின் இலையோடு இணைத்து எண்ணிட்டுச் சோதியுங்கள்.

புரதம் இருக்கிறது, வேர் போயிருக்கிறது என்றால் விடை கசப்பானது. 2009இல் அயோவாவில் க்ரை3பிபி1 வகை கடும் சேதமடைந்த வயல்களின் வண்டுகளை ஆராய்ந்து, அவை எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதை காஸ்மன் குழுவினர் 2011இல் வெளியிட்டார்கள். அந்த வயல்களில் ஒரே புரதம் குறைந்தது மூன்றாண்டுகள் தொடர்ந்து விதைக்கப்பட்டிருந்தது. வேர்ப்புழுவுக்கு எதிரான இந்தப் புரதங்கள் எதுவும் புழுக்களை ஏறத்தாழ முழுவதுமாகக் கொல்லும் அளவில் செடியில் உருவாவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பிழைப்பவை இருந்துகொண்டே இருக்கும். க்ரை3பிபி1, எம்க்ரை3ஏ, இக்ரை3.1ஏபி மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்பதால், ஒன்றை வென்ற வண்டு மற்றவற்றையும் பெருமளவு வெல்கிறது. ஆகவே பெயரை மட்டும் பார்த்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது மாற்றமே ஆகாது. இரட்டைப் புரதம் வேறு வழியில் செயல்படுவது. ஆனால் பின்னாளில் அதற்கும் எதிர்ப்பு பதிவாகியுள்ளது. உறுதியான வழி ஒன்றுதான்: அடுத்த ஆண்டு அந்த நிலத்தில் மக்காச்சோளத்தைத் தவிர்ப்பது. மேற்கத்திய வேர்ப்புழு ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். மக்காச்சோள நிலத்தில் இட்ட முட்டை வெடிக்கும்போது வேறு பயிர் நின்றால் புழு பட்டினியால் சாகும். சில பகுதிகளில் சோயா வயலில் முட்டையிடப் பழகிய வகைகளும் உண்டு என்பதால், சுழற்சிப் பயிரிலும் பொறி வைத்துப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஆய்வகத்தில் கரைத்த புரதம் கொல்கிறது, படிகமாகக் கொடுத்தால் கொல்லவில்லை

இது விவசாயியின் பிரச்சினை அன்று, ஆய்வாளரின் பிரச்சினை. ஆயினும் வண்டுகளுக்கே உரியது. அந்துப்பூச்சிப் புழுவின் குடல் வலுவான காரத்தன்மை உடையது. படிகம் அங்கே எளிதில் கரைகிறது. இலைவண்டு போன்ற பல வண்டுகளின் குடல் இலேசான அமிலத்திலிருந்து நடுநிலை வரை இருப்பது. சில புரதங்களின் படிகம் அங்கே கரைவதே இல்லை. க்ரை7ஏஏ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: வெளியே கரைத்துக் கொடுத்தால் கொலராடோ வண்டைக் கொல்லும், படிகமாகக் கொடுத்தால் இல்லை. வண்டுகளின் செரிமான நொதிகளும் வேறு வகையானவை என்பதால், வெட்டப்படும் இடமும் முக்கியமாகிறது. எம்க்ரை3ஏ உருவானது இந்தக் கண்ணியைச் சரிசெய்யத்தான்: வேர்ப்புழுவின் குடலில் உள்ள நொதி வெட்டுவதற்கு வாகான இடம் ஒன்று அதில் புகுத்தப்பட்டது.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்தும் சாகவில்லை, எதிர்ப்புத்திறனோ என்ற சந்தேகம்

இந்தச் சந்தேகம் கடைசியில் வர வேண்டியது. பெரும்பாலும் முதலில் வருகிறது. தீர்க்க, இலைச் சோதனை செய்யலாம். வயலிலிருந்து முட்டைக்கூட்டங்களை இலையோடு எடுத்து வந்து வெடிக்கவிட்டு, ஒரு நாள் வயதான புழுக்களைப் பயன்படுத்துங்கள். மருந்து படாத செடியின் இலைகளை மூன்று கலவைகளில் ஐந்து நொடி தோய்த்து நிழலில் உலர்த்துங்கள்: ஒட்டுத்திரவம் மட்டும் கலந்த நீர், லேபிள் அளவு, அதில் பத்தில் ஒரு பங்கு. ஈரத்தாள் விரித்த டப்பாக்களில், ஒவ்வொரு கலவைக்கும் மூன்று டப்பாக்கள், டப்பாவுக்குப் பத்துப் புழுக்கள். தண்ணீர் தேங்கினால் புழு மூழ்கிச் சாகும், கணக்குக் கெட்டுவிடும். இரண்டாம் நாள் அதே வகையில் தோய்த்த புது இலை வைத்து, நான்காம் நாள் எண்ணுங்கள். மெல்லிய தூரிகையால் தொட்டும் நகராதது செத்தது.

வெறும் நீரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செத்திருந்தால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். குறைவாகச் செத்திருந்தால், தானாகச் செத்தவற்றைக் கழிக்க 1925இல் அபட் தந்த கணக்கைப் போடலாம். எடுத்துக்காட்டாக, நீரில் 30க்கு 3, அதாவது 10 விழுக்காடும், மருந்தில் 30க்கு 27, அதாவது 90 விழுக்காடும் செத்திருந்தால், மருந்தால் செத்தது 90இலிருந்து 10ஐக் கழித்து, வந்ததை நீரில் பிழைத்த 90 விழுக்காட்டால் வகுத்தால் கிடைக்கும் 89 விழுக்காடு.

லேபிள் அளவில் டப்பாவில் நன்றாகச் சாகின்றன என்றால் மருந்தும் பூச்சியும் சரி. பிழை வயலில், அதாவது நேரத்திலோ நாசிலிலோ வெயிலிலோ இருக்கிறது. டப்பாவிலும் சாகவில்லை என்றால் புதிதாகத் தயாரித்த வேறு பாட்டிலைக் கொண்டு மீண்டும் செய்யுங்கள். இப்போது செத்தால் பழைய பாட்டில்தான் கெட்டது. புதிய பாட்டிலிலும் சாகாமல், பி.டி. ஒருபோதும் தெளிக்காத தொலைவான இடத்து அதே இன வண்டின் புழுக்கள் அதே நாளில் அதே கலவையில் செத்தால்தான் எதிர்ப்புத்திறன் என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். கொலராடோ வண்டில் ஆய்வகத்தில் தொடர்ந்து தேர்ந்தெடுத்து இப்படிப்பட்ட திறனை உருவாக்கியும் காட்டியிருக்கிறார்கள். அந்த நிலையில் அளவைக் கூட்டாமல், அந்தப் பருவத்தில் க்ரை3 புரதத்தையே நிறுத்திவிட்டு, செயல்படும் விதம் வேறான மருந்துக்கு மாறுங்கள். தப்பிப் பிழைத்த புழுக்களைச் சாராயத்தில் போட்டு வைக்காதீர்கள். உறுதிப்படுத்தும் ஆய்வகத்துக்கு இனப்பெருக்கம் செய்யும் உயிருள்ள பூச்சிகள் வேண்டும். ஆகவே மருந்து படாத புது இலையோடு காற்றோட்டமுள்ள டப்பாவில் வைத்து, எடுத்த வயலையும் தேதியையும் இதுவரை தெளித்த மருந்துகளின் பட்டியலையும் மேலே எழுதி ஒட்டி அனுப்புங்கள்.